மண்ணைக் கரைச்சு ஊத்தறதுக்கு முந்தி



இந்த வாரம் மஞ்சள் வேகவெக்கறதைப் பத்தி எழுதறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த தடவை. எங்க வளவுல ஒரு பெரியப்பா பதினோரு நாள் படுக்கையில இருந்து போன வெள்ளிக்கிழமை காலமாயிட்டாரு. அந்த வீட்டுத் திண்ணையில உக்காந்திருந்தப்ப மனசுல ஓடுனதை எழுதி முடிக்காம எனக்கு வேற வேலை ஓடாது.

பெரியப்பாவுக்கு 84 வயசு. சாப்பாடு நின்னு, பேச்சு நின்னு, மூச்சு மட்டும் ஓடிட்டு இருந்துச்சு. ஒன்பதாம் நாள் பொழுதோட, ஒறம்பரையில வயசான ஒருத்தர் என்னைக் கூப்பிட்டு, "மண்ணாசை நிக்குதப்பா. கெணத்து மேட்டுக் காட்டுல ஒரு புடி மண்ணு எடுத்துட்டு வா. கரைச்சு ஊத்துனா நிம்மதியாப் போயிருவாரு"ன்னு சொன்னாரு. பெரியப்பா மகன் சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கறவன். லீவு போட்டுட்டு வந்து ஒரு வாரமா அப்பன் கட்டில் பக்கமே இருந்தான். என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போயி, "அண்ணா, இதைச் செய்யலாமா, வேண்டாமா?"ன்னு கேட்டான். அன்னிக்கு ரெண்டு வார்த்தையில பதில் சொன்னேன். முழுப் பதிலை இங்க எழுதறேன்.

டவுன்லயே பொறந்து வளந்தவங்களுக்கு இந்தப் பழக்கம் தெரியாம இருக்கலாம். உசுரு போகாம இழுத்துட்டே இருந்தா, ஏதோ ஒரு ஆசை புடிச்சு நிறுத்துதுன்னு கிராமத்துல நம்புவாங்க. காடு தோட்டம்னு வாழ்ந்தவருக்கு மண்ணைக் கரைப்பாங்க. காசு காசுன்னு சேத்தவருக்குக் காசைக் கழுவுவாங்க. நகை மேல பிரியமா இருந்தவங்களுக்குத் தங்கத்தை உரசுவாங்க. அந்தத் தண்ணியை வாயில விடுவாங்க. பேரன் பேத்தி கையால பால் விடறதும் உண்டு.

இதை மூடநம்பிக்கைன்னு ஒரே வார்த்தையில தள்ளிவிட எனக்கு மனசு வரலைங்க. அதுக்குள்ள ஒரு நல்ல கேள்வி இருக்குது. "இந்த மனுசனுக்கு மனசுல என்ன பாக்கி நிக்குது?" ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் கேக்காத கேள்வி அது. நம்ம முன்னோர்கள் அதைக் கேட்டிருக்காங்க. ஆனா நாம கேக்கற நேரந்தான் தப்பு. பதில் சொல்ல வாய் இருந்தப்ப ஒருத்தரும் கேக்கறதில்லை. வாய் நின்னதுக்கு அப்பறம், நாமளே ஒரு பதிலை முடிவு பண்ணி, அதைக் கரைச்சு ஊத்தறோம்.

ஊரைக் குத்தம் சொல்ல இதை எழுதலைங்க. நானே ஊத்துனவன்.

எங்க பக்கம் அப்பாவை அய்யன்னுதான் சொல்லுவோம். எங்க அய்யனுக்கு 2009 மாசியில வயித்துல புத்துநோய்னு தெரிஞ்சுது. இனி வைத்தியம் பண்ணிப் பிரயோஜனம் இல்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நல்லாப் பாத்துக்கங்கன்னு டாக்டர் எங்ககிட்டச் சொன்னாரு. நாங்க அய்யன்கிட்ட "வயித்துப் புண்ணுதான், ஆறீரும்"னு சொன்னோம். பாக்க வந்தவங்களும் ஆப்பிளும் ஆர்லிக்ஸும் வாங்கிட்டு வந்து அதையேதான் சொன்னாங்க. அய்யன் எல்லாத்துக்கும் தலையாட்டுவாரு. அறுபது வருசமா ஆடு மாடு பொறக்கறதையும் சாகறதையும் பாத்த மனுசனுக்குத் தன் உடம்பு தெரியாமயா இருக்கும்? அவருக்குத் தெரியும்னு எங்களுக்கும் தெரியும். ஒருத்தருக்கொருத்தர் தெரியாத மாதிரியே அஞ்சு மாசத்தை ஓட்டுனோம்.

வைகாசியில ஒரு ராத்திரி, கரண்டு வந்துச்சுன்னு மோட்டார் போட்டுட்டு வந்தேன். அய்யன் முழிச்சுட்டு இருந்தாரு. "கெணத்துல தண்ணி எவ்வளவு நிக்குது?"ன்னு கேட்டாரு. சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்தத் தண்ணி முறையில நானும் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்"னாரு.

அந்தக் கெணறு அய்யனுக்கும் சித்தப்பாவுக்கும் பொது. 1992ல தண்ணி முறைக்குச் சண்டை போட்டு, பதினேழு வருசம் அண்ணனும் தம்பியும் பேசிக்கலை. சித்தப்பா வீடு எங்க வீட்டுல இருந்து கூப்பிடு தூரந்தான்.

அய்யன் எவ்வளவு யோசிச்சுட்டு அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாரோ தெரியலை. நான் என்ன சொன்னேன் தெரியுமுங்களா? "அதெல்லாம் இப்ப எதுக்குங்கய்யா, உடம்பு தேறட்டும், அப்பறம் பேசிக்கலாம்." சொல்லிட்டுப் போயிப் படுத்துட்டேன். விடிஞ்சா களை எடுக்க ஆளு வருதுன்னு எனக்கு அந்த யோசனை. அதுக்கப்பறம் அவரு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஆடி மாசம் பேச்சு நின்னு நாலு நாள் இழுத்துச்சு. பெரியவங்க சொன்னாங்கன்னு காட்டு மண்ணைக் கரைச்சு, கரண்டியில நான்தான் விட்டேன். அது தொண்டையில நின்னு கொரகொரன்னு சத்தம் கேட்டுச்சு. மறுநாள் போயிட்டாரு. "பாத்தியா, மண்ணாசைதான்"னு ஊரு சொல்லுச்சு. எழவுக்கு வந்த சித்தப்பா அய்யன் காலைப் புடிச்சுட்டு, "ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தா ஓடி வந்திருப்பனே"ன்னு அழுதாரு. அவரு அய்யன்கிட்டச் சொன்னாலும் எனக்குத்தான் அது வந்து விழுந்துச்சு.

அய்யனுக்கு நின்னது மண்ணு இல்லீங்க, தம்பி. ஒரு சைக்கிள் மிதிச்சுப் போயி கூட்டிட்டு வந்திருந்தா தீர்ந்திருக்கும்.

இன்னொண்ணும் பின்னாடிதான் தெரிஞ்சுது. என் மக நர்சிங் படிச்சவ. விழுங்க முடியாத நெலையில இருக்கறவங்க வாயில தண்ணியோ பாலோ ஊத்துனா, அது மூச்சுக் குழாய்க்குள்ள போயி மூச்சு முட்டும்னு சொன்னா. அன்னிக்குக் கேட்ட அந்தக் கொரகொர சத்தம் இன்னும் என் காதுல இருக்குது. பஞ்சை நனைச்சு உதட்டை ஈரம் பண்ணுனாப் போதும். அதுக்கு மேல ஒரு சொட்டும் வேண்டாமுங்க.

எங்க ஊருல ஒருத்தர் செத்துட்டா, எழவு சொல்லப் போகறதுக்கு ஆளு இருக்குது. பந்தல் போட, பாடை கட்ட, மேளம் அடிக்க, குழி வெட்ட, கருமாதிக்கு மந்திரம் சொல்ல, எல்லாத்துக்கும் ஆளு இருக்குது. செத்ததுக்கு அப்பறம் வேலை செய்ய இருவது பேரு. சாகறதுக்கு முந்தி பக்கத்துல உக்காந்து மனசைக் கேக்கறதுக்குன்னு யாரும் இல்லை. சந்தையில எனக்குப் பழக்கமான பாய் ஒருத்தர் இருக்காரு. அவங்க அத்தா கடைசிக் காலத்துல, பள்ளிவாசல்ல இருந்து அசரத்து வந்து யாசீன் ஓதுனாரு, காதுகிட்ட மெதுவாக் கலிமா சொல்லிக் குடுத்தாங்கன்னு சொன்னாரு. கத்தோலிக்க கிறிஸ்தவங்க வீட்டுல சாமியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு, எண்ணெய் பூசி, நன்மை குடுத்துட்டுப் போவாங்க. நம்மள்லயும் திருவாசகம் படிக்கற வீடுக இருக்குது. படிக்கத் தெரிஞ்சவங்க இருந்தா உண்டு, இல்லைன்னா இல்லை. எங்க வீட்டுல இல்லை.

வைத்தியம் படிச்சவங்களே இதைப் பத்திப் பேசியிருக்காங்கன்னு மகளோட புத்தகத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். இங்கிலாந்துல சிசிலி சாண்டர்ஸ்னு ஒரு அம்மா. முதல்ல நர்சு, அப்பறம் நோயாளிகளோட குடும்பக் கஷ்டத்தைக் கவனிக்கற வேலை, அதுக்கப்பறம் டாக்டருக்கே படிச்சவங்க. 1967ல லண்டன்ல சாகப்போறவங்களுக்குன்னே ஒரு மருத்துவமனை ஆரம்பிச்சாங்க. "மொத்த வலி"ன்னு ஒரு பேரு வெச்சாங்க. உடம்பு வலி, மனசு வலி, குடும்பத்தைப் பத்தின வலி, ஆன்மாவோட வலி, நாலும் சேந்ததுதான் ஒரு மனுசனோட வலி. ஒண்ணை மட்டும் பாத்தா மத்தது அடங்காதுன்னு சொன்னாங்க. உலக சுகாதார நிறுவனமும் பாலியேட்டிவ் கேர்னா ஆன்மிகத் துணையும் அதுல அடக்கம்னு சொல்லுது.

பக்கத்துல கேரளாவுல இதை ஊரு சனங்களே செய்யறாங்க. 1993ல கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில ஆரம்பிச்சது, 2008ல அந்த அரசாங்கம் இதுக்குன்னு ஒரு கொள்கையே கொண்டு வந்துச்சு. வாத்தியார், கடைக்காரர், விவசாயின்னு சாதாரண ஆளுக பயிற்சி எடுத்துட்டு, நர்சோட சேந்து வீடு வீடாப் போறாங்க. நம்ம ஊருல 2021 ஆகஸ்டுல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துலயும் படுக்கையில இருக்கறவங்களை வீட்டுக்கே வந்து பாக்கற சேவை இருக்குது. தெரியாம இருக்கறவங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

வலியை முதல்ல கவனிக்கணும். வலியில துடிக்கற மனுசன் காதுல எந்தச் சாமி பேரைச் சொன்னாலும் ஏறாது. "முன்வினை, அனுபவிச்சுத்தான் தீரணும்"னு சொல்றவங்க எங்க ஊருலயும் இருக்காங்க. அவங்களுக்குப் பல்லு வலிச்சா ராத்திரியோட ராத்திரி மாத்திரை தேடறாங்க. மார்ஃபின்னு ஒரு மருந்து இருக்குது. சட்டக் கெடுபிடியால அது ரொம்பக் காலம் கிடைக்கவே சிரமமா இருந்து, 2014ல சட்டத்தைத் திருத்துனாங்க. டாக்டர் சொல்ற அளவுல குடுத்தா அது போதை இல்லை, மருந்துதான். அய்யன் கடைசி மாசம் வயித்தைப் புடிச்சுட்டு ராத்திரி பூரா உக்காந்திருந்தாரு. அப்படி ஒரு மருந்து இருக்கறதே எங்களுக்குத் தெரியாது.

பத்து வருசம் கழிச்சு, 2019ல அம்மாவுக்கு இதயம் பலவீனமாயிருச்சு. இந்தத் தடவை நடிக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா பெத்த மகனுக்கு அந்தக் கேள்வியைக் கேக்க வாய் வரலைங்க. மகதான் ஒரு நாள் தலை சீவிவிட்டுக்கிட்டே, "அப்பத்தா, மனசுல என்ன ஓடுது?"ன்னு கேட்டா. அவ்வளவுதான். சாவுங்கற வார்த்தையே வரலை.

கோயிலுக்குப் போகணும், கன்னிமார் திருநீறு வேணும்னு சொல்லுவாங்கன்னு நான் நெனச்சேன். அதையும் சொன்னாங்க. ஆனா முதல்ல சொன்னது எங்க செவலை மாட்டைப் பத்தி. "அது கறவை நின்னு போச்சுன்னு யாவாரிக்குப் புடிச்சுக் குடுத்தறாதீங்க. அது பாட்டுக்குக் கட்டுத்தரையில கெடக்கட்டும்."

ரெண்டாவதாச் சொன்னது யாரும் எதிர்பாக்காதது. எனக்கு முன்னாடி 1966ல ஒரு பொண்ணு பொறந்து மூணே மாசத்துல போயிருச்சு. எனக்கு ஒரு அக்கா இருந்தாங்கறது எங்கயோ கேட்ட மாதிரி மங்கலாத்தான் தெரியும். பேரு கூடத் தெரியாது. வேலி ஓரத்து வேப்ப மரத்துக்கிட்டப் பொதைச்சுட்டு, எல்லாரும் வேலையைப் பாக்கப் போயிட்டாங்களாம். "அந்தப் புள்ளைக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு சொட்டுப் பாலு ஊத்தலையே சாமி"ன்னு மக கையைப் புடிச்சுட்டு அழுதாங்க. அம்பத்தி மூணு வருசம் நாங்க அந்த மரத்தடியில உக்காந்துதான் சோறு தின்னுட்டு இருந்தோம். அம்மா மட்டும் அங்க உக்கார மாட்டாங்க. ஏன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவை ஒரு குட்டி வண்டியில கட்டிலோட ஏத்திட்டுப் போயி மரத்தடியில இறக்குனோம். அம்மா கையாலயே பால் ஊத்துனாங்க. புள்ளை பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. நாங்க எல்லாரும் அன்னிக்குத்தான் அந்தப் பேரை முதல் தடவையாக் கேட்டோம். மந்திரம் சொல்ல யாரும் வரலை. அன்னிக்கு ராத்திரி அம்மா மாத்திரை இல்லாமத் தூங்குனாங்க. அப்பறம் இருவத்தி ஆறு நாள் இருந்தாங்க. மூச்சுத் திணறல் இருந்துச்சு, கால் வீக்கம் இருந்துச்சு. ஆனா அந்தத் தவிப்பு இல்லை.

ஆன்மிகத் துணைன்னு நான் சொல்றது இதைத்தானுங்க. சாமி கும்புடறவங்களுக்குச் சாமி. கும்புடாதவங்களுக்கு வேற. என் மாமன் ஒருத்தர் கடைசி வரைக்கும் கருப்புச் சட்டை போட்டவரு. "எனக்குத் திருநீறு பூசக் கூடாது, கண்ணைத் தானம் குடுத்தரணும்"னு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாரு. அத்தை தினமும் கோயிலுக்குப் போறவங்க. ஆனாலும் அவரு சொன்னபடியே செஞ்சாங்க. ஆறு மணி நேரத்துக்குள்ள கண்ணை எடுக்கணுங்கறதுக்காக, அழுதுக்கிட்டே அவங்கதான் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணச் சொன்னாங்க. அவரு நெத்தியில திருநீறு இல்லாமப் போனதுதான் அவருக்கு அத்தை குடுத்த மரியாதை.

டவுன்ல இருக்கற நீங்க கேப்பீங்க, இங்க வேப்ப மரம் இல்லை, வளவு இல்லை, ஐசியூவுலதான் முடியுதுன்னு. எங்க ஒறம்பரையிலயும் ஒரு அத்தை அப்படித்தான் போனாங்க. ஒரு பெரிய மருத்துவமனையில ஒன்பது நாள். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, ஆளுக்கு அஞ்சு நிமிசம், கண்ணாடிக் கதவு வழியாப் பாத்தோம். வாயில குழாய் இருந்ததால அவங்களால ஒரு வார்த்தை பேச முடியலை. டாக்டருகளைக் குத்தம் சொல்ல மாட்டேன். நாங்கதான் "எப்படியாவது காப்பாத்துங்க"ன்னு கையெழுத்துப் போட்டோம். அத்தைக்கு என்ன வேணும்னு அத்தை நல்லா இருந்தப்பவே யாராவது கேட்டிருந்தா, அந்தக் கையெழுத்தைப் போடும்போது எங்களுக்கு ஒரு வழி தெரிஞ்சிருக்கும்.

இதுக்குச் சட்டத்துலயே இடம் இருக்குதுங்க. இனித் தேற வழியில்லைங்கற நெலை வந்தா, கருவியை வெச்சு உசுரை இழுக்க வேண்டாம்னு முன்கூட்டியே எழுதி வெக்கலாம்னு 2018 மார்ச் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லுச்சு. 2023ல அந்த நடைமுறையை இன்னும் சுலபமாக்குனாங்க. ரெண்டு சாட்சி வெச்சுக் கையெழுத்துப் போட்டு, நோட்டரிகிட்டயோ கெசட்டட் அதிகாரிகிட்டயோ சான்று வாங்குனாப் போதும். அதை எழுதறப்ப எப்படியும் உக்காந்து பேசித்தான் ஆகணும். அந்தப் பேச்சு நடக்குமேன்னுதான் நான் இதைச் சொல்றேன்.

"சாவைப் பத்திப் பேசுனா அவங்க மனசு ஒடஞ்சு போயிருமே"ன்னு சொல்றவங்க உண்டு. நானும் அப்படித்தான் நெனச்சேன். எல்லாத்தையும் போட்டு ஒடைக்கச் சொல்லலை. "உங்களுக்கு இத்தனை நாள்தான்"னு நாம சொல்ல வேண்டாம். அவங்க பேச்சை எடுத்தா, பேச்சை மாத்தாம இருந்தாப் போதும். "மனசுல என்ன ஓடுது? யாரையாவது பாக்கணுமா? ஏதாவது சொல்லணுமா? எது நடந்தா நிம்மதியா இருக்கும்?" அப்படின்னு கேட்டுட்டு, போனைக் கீழ வெச்சுட்டு, சும்மா உக்காருங்க. சில பேரு ஒண்ணும் வேண்டாம்னு சொல்லுவாங்க. அதுவும் பதில்தான்.

கிராமத்துல இருக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டில் பக்கத்துல நின்னு "இன்னிக்கு ராத்திரி தாண்டாது", "அம்மாவாசை வரைக்கும் இழுக்கும்"னு பேசாதீங்க. கண்ணு மூடியிருந்தாலும் காது கேக்கலாம்னு நர்சுக சொல்றாங்க. எங்க ஊருல இந்தப் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை.

பெரியப்பா மகனுக்கு நான் சொன்ன ரெண்டு வார்த்தை இதுதான்: "ஊத்தாதே. கையில வை." காட்டுல இருந்து ஒரு புடி மண்ணை எடுத்துட்டு வந்து பெரியப்பாவோட வலது கையில வெச்சு, மகன் தன் கையால மூடிப் புடிச்சுக்கிட்டான். கெணத்துத் தண்ணியில பஞ்சை நனைச்சு உதட்டுல தொட்டான். அப்பறம் காதுகிட்டக் குனிஞ்சு, சென்னைக்குப் போனதுக்கு அப்பறம் வருசத்துக்கு ஒரு தடவைதான் வந்தேன், மன்னிச்சுக்கங்கப்பான்னு சொன்னான். பெரியப்பாவுக்குக் கேட்டுச்சோ என்னமோ. அவன் இதை மூணு மாசத்துக்கு முந்தி சொல்லியிருந்தா ஒரு பதில் கிடைச்சிருக்கும். அவனே என்கிட்ட இதைச் சொன்னான்.

என் மககிட்ட என் கணக்கையும் சொல்லிட்டேன். வலி இல்லாமப் பாத்துக்க. ஆஸ்பத்திரியில ரொம்ப நாள் போட்டு வெக்காதே. வாசல்ல கயித்துக் கட்டில்ல, மாடு தெரியற பக்கம் தலை வெச்சுப் படுக்க வை. சித்தப்பா மகன் இருக்கானே, அவனுக்கும் எனக்கும் வேலிக்கல்லுத் தகராறு ஒண்ணு ஓடிட்டு இருக்குது. அதை மட்டும் உன்கிட்ட விட்டுட்டுப் போக மாட்டேன். நாளான்னிக்கு நானே நேர்ல போறேன்.

அடுத்த வாரம் கட்டாயம் மஞ்சள்.